அரை நாளைத் திருடியது யார்?

விடிவதற்கு முன் ஃபோன் அடித்தால் பெரிய ஏரிக்கரையில் இருந்த அந்தத் துறைமுக ஊர்ப் பிள்ளைகள் யாரும் பயப்பட மாட்டார்கள். பனிக்காலத்தில் அந்த நேரத்தில் வரும் அழைப்பு ஒரே ஒரு சேதியைத்தான் கொண்டுவரும்.

ஐலி போர்வைக்குள் இருந்தபடியே கையை மட்டும் நீட்டி ஃபோனை எடுத்தாள். பள்ளிக்கூடத்தின் பதிவுக் குரல் பேசியது.

“பெற்றோர் கவனத்துக்கு. பனிப்பொழிவு காரணமாக இன்று மதியம் வரை பள்ளி இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்புகள் நடக்கும். அனுப்பியவர்: கைசா லாஹ்தி, பள்ளி அலுவலகம்.”

ஐலி போர்வையை உதறிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா! நீ பெரிய கள்ளி! நேத்து ராத்திரி ஒரு வார்த்தை சொன்னியா?”

கைசா காப்பிக் கோப்பையோடு திரும்பினாள். “எதைச் சொல்லலை?”

“லீவு! நீதானே அனுப்பியிருக்க. உன் பேரைச் சொல்லுது பாரு.”

அம்மா ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. மறுபடி கேட்டாள். பிறகு ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில், முற்றத்தில் பழைய பனி கிடந்தது. புதிதாக ஒரு துகள்கூட விழவில்லை. வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

“ஐலி,” என்றாள் அம்மா மெல்ல, “இதை நான் அனுப்பலை.”

அன்று பள்ளிக்கூடம் வேடிக்கையாக இருந்தது. தலைமையாசிரியை மிஸஸ் வுகோவிச் ஒரு கையில் ஒரு ஃபோன், மறு கையில் இன்னொரு ஃபோன் என்று கத்திக்கொண்டிருந்தார். சமையல்கார அம்மா ஒரு பெரிய அண்டா நிறையப் பட்டாணி சூப்போடு வாசலில் நின்று, “இதை யாரு குடிக்கிறது? நான் இதுல இறங்கிக் குளிக்கவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் யாரும் வரவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் பலர் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கோபம்.

அம்மாவோடு வந்துவிட்ட ஐலி மட்டும் அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

இப்படி ஒன்று நடக்கவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் ஒரு சாவி.

இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ கடவுச்சொல்லைத் திருடி, ‘நாளை எல்லோரும் இரவு உடையில் வரவும்’ என்று அனுப்பிவிட்டார்கள். பாதிப் பேர் அப்படியே வந்தும்விட்டார்கள், இரண்டு ஆசிரியர்கள் உட்பட. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் மிஸ்டர் பெல்கி எல்லாப் பள்ளி அலுவலகங்களுக்கும் ஆளுக்கொரு சாவி கொண்டுவந்து தந்தார்.

பார்த்தால் சாவி மாதிரியே இருக்காது. கட்டை விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருள். நடுவில் ஒரு தங்கப் பொட்டு. அதைக் கம்ப்யூட்டரின் துளையில் செருக வேண்டும். சேதி அனுப்பும்போது பொட்டு மினுக் மினுக் என்று மின்னும். தொட்டால்தான் சேதி போகும்.

மிஸ்டர் பெல்கி வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். “தொட்டாத்தான் போகும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. தங்கப் பொட்டு விரல் ரேகையைப் படிக்கும் என்றார் சமையல்கார அம்மா. ரேகை என்ன, ரத்தத்தையே படிக்கும் என்றார் பஸ் ஓட்டுநர்.

இப்போது மிஸ்டர் பெல்கியின் குரல் மேஜை ஃபோனிலிருந்து கரகரத்தது. “நேத்து மதியம் சாப்பாட்டு நேரத்துல எழுதி, காலையில போகட்டும்னு வச்சிருக்காங்க. கைசாவோட கம்ப்யூட்டர். கைசாவோட சாவி. தொட்டிருக்காங்க.”



“கைசா,” என்றார் மிஸஸ் வுகோவிச். “அது உங்க விரலுக்கு மட்டும்தானே வேலை செய்யும்?”

“நேத்து அந்த நேரத்துல நான் இங்கயே இல்லையே! பாலர் வகுப்புல குட்டிப் பிள்ளைங்களுக்குப் பனிக் கால்சட்டை மாட்டிவிட்டுக்கிட்டிருந்தேன். ஒருத்தனுக்கு மாட்டி முடிச்சா இன்னொருத்தன் ‘எனக்கு ஒண்ணுக்கு வருது’ங்கறான்.”

“அதுக்கு யாரு சாட்சி?”

“அந்தப் பிள்ளைங்கதான்.”

“அவங்களுக்கு நேத்து எது, போன வாரம் எதுன்னே தெரியாதே, கைசா.” மிஸஸ் வுகோவிச் கெட்டவர் இல்லை. அவர் குரல் தடுமாறியது. “நாளைக்கு பெல்கி நேர்ல வராரு. அதுவரைக்கும் நீங்க வீட்டுல இருங்க. அவர் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாருன்னா, அப்புறம் உங்க வேலை என் கையில இல்லை.”

அப்போது, மதியம் ஆகிற நேரத்தில், ஏரிப் பக்கமிருந்து இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அப்படித்தான் ஊரிடம் சொல்லிக்கொண்டு போகும். தினமும் கேட்கிற சத்தம்தான்.

அம்மாவுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தூரத்து நகரமான மில்வாக்கியில் பெரியம்மா வீட்டு மாடியறைக்குக் குடிபோக வேண்டும். அங்கே இந்த ஏரி இல்லை. சறுக்குமேடு இல்லை. டாம்சின் இல்லை.

டாம்சின் ஐந்தாம் வகுப்பில் ஐலியின் பக்கத்து இருக்கைக்காரி. தினமும் வருகைச் சீட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். மதியம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தபோது அவளும் வந்தாள். தலையில் யாருடையதோ ஒரு பெரிய கம்பளித் தொப்பி. காதையும் கண்ணையும் சேர்த்து மூடியிருந்தது.

“எங்க அம்மாதான் அனுப்பினாங்கன்னு சொல்றாங்கடி,” என்றாள் ஐலி. “வேலையே போயிடுமாம். நாங்க மில்வாக்கிக்குப் போக வேண்டியிருக்கும்.”

டாம்சின் வாயைத் திறந்தாள். மூடினாள். தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

வழக்கமாக அவள் நிறுத்தாமல் பேசுகிறவள்.

மாலையில் அம்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டியைச் சூடாக்கித் தட்டில் வைத்தாள். இருவரும் அதன் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த பெல்கிதான்மா,” என்றாள் ஐலி. “அவருக்குத்தான் எல்லாச் சாவியும் தெரியும். பேசவே மாட்டேங்கறாரு பாரு. ஒளிக்கிறதுக்கு எதாவது இருக்கறவங்கதான் பேச மாட்டாங்க.”

“அவருக்கு எதுக்குடி நம்ம ஊருக்கு லீவு விடணும்?”

ஐலி அடுத்த ஆளைத் தேடினாள். சமையல்கார அம்மாவாக இருக்குமா? அவருக்கு சூப்தான் நஷ்டம். பஸ் ஓட்டுநர்? ரத்தத்தைப் படிக்கும் என்று சொல்லிப் பயப்பட்டவரே அவர்தான்.

சந்தேகம் பூட்ஸுக்குள் விழுந்த பனி மாதிரி. முதலில் கணுக்காலில் சின்னதாக ஒரு சில்லிப்பு. அலட்சியம் செய்தால் கொஞ்ச நேரத்தில் காலுறை முழுக்க ஈரம். அப்புறம் எங்கே நடந்தாலும் அந்த ஈரத்தின் மேல்தான் நடக்க வேண்டும்.

அப்படி நடந்து நடந்து, ஐலியின் சந்தேகம் சமையலறை மேஜைக்கே வந்து நின்றது.

முந்தாநாள் அம்மா கொட்டாவி விட்டபடி என்ன சொன்னாள்? ‘ஒரே ஒரு காலையாவது இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினா எவ்வளவு நல்லா இருக்கும்!’

சாவி அம்மாவின் விரலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியானால்...

ஐலி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயுமா, கண்ணு?”

“நான் ஒண்ணும் சொல்லலையே!”

“வாயால சொல்லலை,” என்றாள் அம்மா. கோபப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஐலிக்கு அழுகை வந்தது. அம்மாவைச் சந்தேகப்பட்டது ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தை அம்மா பார்த்துவிட்டாளே.

மறுநாள் காலை நிஜமாகவே பனி பெய்திருந்தது. பள்ளிக்கு லீவு விடும் அளவுக்கு இல்லை, பூட்ஸ் மூழ்கும் அளவுக்குத்தான். பனி அள்ளும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது.

“ஐயோ, என் வண்டி வழியில நிக்குது!” என்று அம்மா பூட்ஸைத் தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு வைனோ மாமா இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். அம்மாவின் பிக்கப் வண்டியில் ஏறினார். வண்டி இருமியது, உறுமியது, ஓரமாகப் போய் நின்றது. பனி வண்டி கடந்து போனது.

“கைசா!” என்று அவர் வெளியிலிருந்தே கத்தினார். “உன் வண்டிக்கு ஜலதோஷம்! கஷாயம் கொடு!”

அந்த ஊரில் வண்டிச் சாவியை யாரும் வண்டியிலிருந்து எடுப்பதில்லை. பனி வண்டி எப்போது வரும் என்று தெரியாது. யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் நகர்த்தி வைப்பார்கள். சாவியை வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்களைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

ஐலி ஜன்னலில் மூக்கை ஒட்டியபடி நின்றாள். கண்ணாடியில் அவள் மூச்சு வட்டமாகப் படிந்தது.

“அம்மா, நம்ம வண்டிக்கு வைனோ மாமாவைத் தெரியுமா?”

“காலங்காத்தால என்னடி கேள்வி இது?”

“உன் சாவியை அவர் திருப்பினாரு. வண்டி முடியாதுன்னு சொல்லலையே.”

“சாவி உள்ள இருந்தா யார் திருப்பினாலும் ஓடும்.”

“உன் ஆபீஸ் சாவி எங்க இருக்கு?”

“கம்ப்யூட்டர்லதான். வேற எங்க இருக்கும்?”

“எப்பவுமேவா? நீ பாலர் வகுப்புக்குப் போகும்போதும்?”

அம்மாவின் காப்பிக் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பிறகு அவள் தலையை ஆட்டினாள். “இருந்தாலும் அந்தப் பொட்டு என் விரலைத்தானே படிக்கும்.”

“யாரு சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“மிஸ்டர் பெல்கி சொன்னாரா?”

அம்மா யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். “தொட்டாத்தான் போகும்னாரு.”

“யாரு தொடணும்னு சொன்னாரா?”

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சோதிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்,” என்றாள் ஐலி.

“நான்தான் அங்க போகக் கூடாதே!”

“நான் போகலாம்ல? எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே.” ஐலி கோட்டை மாட்டினாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவந்து அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “நேத்து அப்படிப் பாத்ததுக்கு...”

“போடி. பஸ் போயிடும்,” என்றாள் அம்மா. ஆனால் உடனே கையை எடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஐலி சாப்பாட்டு டப்பாவோடு அலுவலகக் கதவைத் தட்டினாள். மிஸ்டர் பெல்கி ஏற்கெனவே வந்திருந்தார். நீளமான கறுப்புக் கோட்டு, நீளமான முகம். அம்மாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தங்கப் பொட்டுச் சாவி அதிலேயே செருகியிருந்தது.

ஐலி ஓரடி முன்னால் வந்தாள். “மேடம், அந்தச் சாவியை நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?”

“விளையாட்டுச் சாமான் இல்லைம்மா அது,” என்றார் மிஸஸ் வுகோவிச்.

“ஒரே ஒரு சேதி. உங்க ஃபோனுக்கு மட்டும். போகலைன்னா நான் பேசாம போயிடுறேன்.”

மிஸ்டர் பெல்கி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

ஐலி ‘சோதனை’ என்று தட்டினாள். அனுப்பு என்ற இடத்தை அழுத்தினாள். பொட்டு மினுக் மினுக் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தாள்.

மிஸஸ் வுகோவிச்சின் ஃபோன் கிணுகிணுத்தது. அவர் எடுத்துப் படித்தார். “‘சோதனை. அனுப்பியவர்: கைசா லாஹ்தி.’” புருவத்தைச் சுருக்கினார். “இதுல என்ன அதிசயம்? நீ கைசா பொண்ணு. விரலும் அவங்க ஜாடையாத்தான் இருக்கும்.”

ஐலி ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ரொட்டிக்கு நடுவில் ஒரு சாஸேஜ் படுத்திருந்தது. அதை உருவி எடுத்தாள்.

“இது எங்க சொந்தக்காரங்க இல்லை, மேடம்.”

மறுபடி ‘சோதனை’. மறுபடி மினுக் மினுக். சாஸேஜின் நுனி தங்கப் பொட்டைத் தொட்டது.

ஃபோன் கிணுகிணுத்தது.

மிஸஸ் வுகோவிச் படித்தார். சாஸேஜைப் பார்த்தார். மறுபடி படித்தார். “‘அனுப்பியவர்: கைசா லாஹ்தி,’” என்றார் மிகவும் மெல்லிய குரலில்.

ஏதோ ஒரு விநோதச் சத்தம் கேட்டது. பழைய கதவு ஒன்று திறப்பது போல இருந்தது. மிஸ்டர் பெல்கி சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது விரல் ரேகையைப் படிக்காதா?” என்றார் மிஸஸ் வுகோவிச்.

“படிக்கிற சாவியும் உண்டு. இது அந்த ரகம் இல்லை.”

“இதை நீங்க ஏன் முன்னாடியே சொல்லலை?”

“யாரும் கேக்கலையே.” மிஸ்டர் பெல்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றுதான் அவர் நீளமாகப் பேசி ஐலி கேட்டாள். “யாருன்னு இதுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னாடி நிஜமா ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான். எங்கயோ தூரத்துல உக்காந்துக்கிட்டுக் கடவுச்சொல்லைத் திருடறவனால இதைத் தொட முடியாதில்ல? அவனை நிறுத்தத்தான் இது. ஆனா இதையும் கையோட எடுத்துட்டுப் போகணும். இங்கயே விட்டுட்டுப் போனா, உள்ள வர்ற யாரு வேணா தொடலாம்.”

“சாஸேஜ் உட்பட,” என்றாள் ஐலி.

மிஸஸ் வுகோவிச் தன் அறைக்குப் போனார். தன் கம்ப்யூட்டரிலிருந்து எதையோ சட்டென்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பார்க்காத மாதிரி ஐலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் அவர் கைசாவுக்கு ஃபோன் போட்டார். “நாளைக்குக் காலையில வந்துடுங்க, கைசா. நான் அவசரப்பட்டுட்டேன்,” என்றார். ஃபோனை வைத்த பிறகுதான் பெருமூச்சு விட்டார். “கைசா இல்லை, சரி. அப்போ யாரு? இந்த அறைக்குள்ள வர்றவங்க எல்லாரையும் இனிமே நான் சந்தேகப்படணுமே! ஒவ்வொரு வகுப்பா விசாரிக்க வேண்டியதுதான்.”

ஐலி சாஸேஜை ரொட்டிக்குள் திரும்பப் படுக்க வைத்தாள். அம்மா தப்பித்துவிட்டாள். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் காலுறையில் மறுபடி அந்தச் சில்லிப்பு.

அரை நாள்.

லீவு திருடுகிறவர்கள் ஏன் அரை நாளைத் திருட வேண்டும்? முழு நாளையும் எடுத்துக்கொண்டிருக்கலாமே. திருடியவருக்கு மதியம் வரைதான் தேவைப்பட்டிருக்கிறது. மதியத்தோடு முடிந்துபோகிற ஏதோ ஒன்று.

நேற்று மதியம் என்ன முடிந்தது? கப்பல் சங்கு ஊதியது.

தொப்பி. வருகைச் சீட்டு. பேசாத டாம்சின். அவள் அப்பாவுக்குக் கப்பலில்தான் வேலை.

ஐலிக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. பெல்கியைச் சந்தேகப்பட்டபோது சுகமாக இருந்தது. ஏனென்றால் அவரை அவளுக்குப் பிடிக்காது. அம்மாவைச் சந்தேகப்பட்டபோது வலித்தது. இப்போதும் அதே இடத்தில்தான் வலித்தது. ஆனால் நேற்றுப் போல வெறுமனே பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க அவள் விரும்பவில்லை. இந்த முறை கேட்டுவிட வேண்டும்.

டாம்சின் விளையாட்டுத் திடலின் கோடியில், பனி ஏறிய ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதே தொப்பி. ஐலி பக்கத்து ஊஞ்சலின் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

“உங்க அப்பா தொப்பியாடி அது?”

“ம்.”

“நேத்துப் போன கப்பல்லதான் அப்பா இருந்தாரா?”

டாம்சினின் பூட்ஸ் பனியில் ஒரு குழி தோண்டியது. “தாது ஏத்துறதுக்கு மட்டும்தான் நிக்கும். ராத்திரி வந்துட்டு மதியம் போயிடும். போன தடவையும் நான் பள்ளிக்கூடத்துல இருந்தப்பவே போயிடுச்சு. அதுக்கு முந்தின தடவையும். இங்க உக்காந்து சங்கை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

ஐலி தன் ஊஞ்சலை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

“சீட்டுக் குடுக்கப் போனேன்,” என்றாள் டாம்சின். குரல் தொப்பிக்குள்ளிருந்து வந்தது. “உங்க அம்மா இல்லை. எப்படி அனுப்பறதுன்னு தினமும் பாத்திருக்கேன்ல, சும்மா தட்டினேன். நிஜமா சும்மாதான்டி! பொட்டு மின்னுச்சு. எல்லாரும் சொன்னாங்களே, அதுக்கு உங்க அம்மா விரல்தான் தெரியும்னு. அதனால நான் தொட்டா, ‘நீ கைசா இல்லை, ஓடு’ன்னு சொல்லும்னு நினைச்சேன். ஒரு தடவை தொட்டுப் பாக்கத்தான் ஆசை. அது ‘சரி, அனுப்பியாச்சு’ன்னு சொல்லிடுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“பயமா இருந்துச்சு. அப்புறம் காலையில ஃபோன் வந்துச்சு. அப்பா துறைமுகத்துல இருந்தாரு. நான் அங்க ஓடிட்டேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அப்பா எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தாரு. கப்பல் சமையலறையில. ரொம்ப நல்லா இருந்துச்சு. திரும்பி வந்தா, நீ உங்க அம்மாவுக்கு வேலை போயிடும்னு சொல்ற. முட்டையெல்லாம் வயித்துக்குள்ள கல்லாயிடுச்சு.”

காற்றில் ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது.

“நீ போய்ச் சொல்லப் போறியா?” என்றாள் டாம்சின்.

“இல்லை,” என்றாள் ஐலி. “எங்க அம்மா நாளைக்கு வேலைக்கு வந்துடுவாங்க. அது சரியாயிடுச்சு. ஆனா இப்போ எல்லாரையும் விசாரிக்கப் போறாங்க. எல்லாரும் எல்லாரையும் முறைச்சுப் பாப்பாங்க. நேத்து எங்க வீட்டுலயே ஒருத்தர் அப்படிப் பாத்துட்டாங்க. ரொம்ப மோசம்டி அது.”

“யாரு?”

“அதை விடு.”

டாம்சின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் காதுகள் சிவந்திருந்தன. “என் கூட வருவியா? உள்ள வேண்டாம். கதவு வரைக்கும்.”

“பெஞ்ச் வரைக்கும் வரேன். அந்தப் பெஞ்ச் எனக்கு நல்லாப் பழக்கம்.”

ஐலி பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு இந்த முறையும் சரியாக மூடவில்லை. முதலில் டாம்சினின் குரல் வேகமாக, மூச்சுவிடாமல் ஓடியது. பிறகு அழுகை. பிறகு மிஸஸ் வுகோவிச்.

“அப்பாவைப் பாக்க அரை நாள் வேணும்னு என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பொண்ணே!”

“கேக்கலாம்னு எனக்குத் தெரியாது, மேடம்.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அது டாம்சின் இல்லை என்று ஐலிக்குத் தோன்றியது.

டாம்சினுக்குத் தண்டனை உண்டு. பனிக்காலம் முடியும் வரை, சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் பாலர் வகுப்புக்குப் போய்க் குட்டிப் பிள்ளைகளுக்குப் பனிக் கால்சட்டை மாட்டிவிட வேண்டும். முதல் நாளே ஒரு பையன் இடது பூட்ஸை வலது காலில் போட்டுக்கொண்டு, அவளுடைய கையுறையைத் தன் மூன்றாவது கையுறை என்று சாதித்தான்.

“இதுக்கு மில்வாக்கிக்கே போயிடலாம்டி,” என்றாள் அவள்.

அடுத்த முறை கப்பல் வரும்போது அவளுக்கு அரை நாள் லீவு உண்டு. அதையும் மிஸஸ் வுகோவிச்சே சொல்லிவிட்டார்.

டாம்சின் உண்மையைச் சொன்ன அன்று மாலையே ஐலி தன் பழைய கையுறைகளிலிருந்து ஒரு கயிற்றைப் பிரித்தெடுத்தாள். குட்டிப் பிள்ளைகள் கையுறையைத் தொலைக்காமல் இருக்க, கோட்டுக் கைக்குள் விட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டும் சிவப்புக் கம்பளிக் கயிறு அது. ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு வைத்தாள். காலையில் அம்மாவோடு அலுவலகத்துக்குப் போய், சாவியின் சின்னத் துளையில் அதைக் கோத்தாள். அம்மாவின் கழுத்தில் மாட்டினாள்.

“நான் என்ன பாலர் வகுப்பாடி?”

“தொலைக்கிறவங்க எல்லாரும் பாலர் வகுப்புதான்.”

கைசா கயிற்றைத் தடவிப் பார்த்தாள். மகளின் மூக்கைச் செல்லமாகக் கிள்ளினாள்.

இப்போதெல்லாம் அந்தத் தங்கப் பொட்டுச் சாவி கைசா போகிற இடமெல்லாம் போகிறது. சூப் வாங்க அவளோடு வரிசையில் நிற்கிறது. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி இல்லை, வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டு காத்திருக்கும்.

பிக்கப் வண்டியின் சாவி மட்டும் இன்னும் வண்டியிலேயேதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், பனி வண்டி வரும் காலையில் வைனோ மாமா பாவம் என்ன செய்வார்?